புன்னை என்னும் தங்கை



ஊர்ப் பொதுநிலத்தில் என்ன மரம் நடலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம், விரைவில் வளர்வது எது, விலை போவது எது என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வாறு எண்ணுவது தவறன்று. ஆயினும் நட்ட மரத்தைக் காப்பவர் யார் என்பதையும் உடன் எண்ண வேண்டும். அதற்குப் புன்னையைவிட நல்ல எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

புன்னையை அறியாதவர் கடற்கரை ஊர்களில் இரார். கரும்பச்சை இலை, வெண்ணிறப் பூ, நடுவே பொன் போன்ற மகரந்தம், நல்ல மணம். கோலிக்குண்டு போல் உருண்ட காய். உப்புக் காற்றும் மணல் நிலமும் அதற்குப் பகையல்ல. ஆண்டு முழுதும் இலையோடு நிற்கும்.

நற்றிணையின் 172ஆம் பாடலில் இம்மரத்தைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. சிறுமியர் விளையாட்டாகப் புன்னை விதையொன்றை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்து போயினர். அது முளைத்தது. நெய் கலந்த பால் வார்த்து அதை வளர்த்தனர். "இது உங்களினும் சிறந்தவள், உங்கள் தங்கை" என்று தாய் சொல்லி வைத்தாள். பிற்காலத்தில் தலைவன் அம்மரத்தடியில் தலைவியைச் சந்திக்க வந்தபோது, தங்கை எதிரில் உம்மோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது, வேறு நிழலுக்குப் போவோம் என்கிறார்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, மரத்தைக் குடும்பத்தில் ஒருத்தியாக்கிய தாய் அவள். வேலியும் காவலாளும் செய்யாததை அவளுடைய ஒரு சொல் செய்தது.

மயிலாப்பூரில் உமையம்மை மயில் உருவில் இறைவனைப் பூசித்தது புன்னையின் அடியில் என்பது தலபுராணம். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் அதுவே. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை எழுப்பச் சம்பந்தர் பாடிய பதிகமும் மயிலையின் புன்னைச் சோலையைச் சொல்லியே தொடங்குகிறது. தஞ்சைக்கு அருகில் புன்னைநல்லூர் உள்ளது. மராட்டிய மன்னர் வெங்கோஜியின் கனவில் சமயபுரத்து அம்மன் தோன்றிப் புன்னைக் காட்டில் தான் இருப்பதாகச் சொன்னாள் என்றும், அங்கே புற்றைக் கண்டு 1680இல் அவர் கோயில் எடுத்தார் என்றும் கூறுவர். அந்தக் காட்டின் நினைவு இன்று ஊர்ப் பெயரில் நிற்கிறது.

இவையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிலர் சொல்லக்கூடும். கதையை நம்புங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கதையுள்ள மரத்தில் கோடரி விழுவதற்கு முன் ஒருவராவது தடுத்துக் கேட்கிறார். கதையில்லாத மரத்திற்குக் கேட்பார் இல்லை. 1950இல் தொடங்கிய வனமகோற்சவத்தில் நாடெங்கும் ஆண்டுதோறும் கன்று நடுகிறோம். நட்ட குழியிலேயே மறு ஆண்டும் நட நேர்ந்ததை உறுப்பினர்களில் பலர் அறிவீர்கள். அவ்விழா ஜூலையில் வருகிறது. நமது கடற்கரைக்குப் பெருமழை ஐப்பசியில் அன்றோ வருகிறது!

பயனையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். புன்னை மெல்ல வளரும். சவுக்கைப் போலச் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வராது. அவசரப் பணம் வேண்டுவோர் இதை நாட வேண்டா. ஆனால் அதன் பருப்பில் எண்ணெய் மிகுதி. மண்ணெண்ணெய் வருவதற்கு முன் பல ஊர்களில் விளக்கெரித்தது அதுவே. மரம் படகு வேலைக்கு ஆயிற்று. அந்த எண்ணெய் உண்பதற்கு உரியதன்று. குழந்தைகள் விதையை வாயிலிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் அடர்த்தியாதலால் நன்செய் வரப்பில் நட வேண்டா. கடலோரப் புறம்போக்கு, பள்ளி முற்றம், கோயில் வெளி ஆகியவையே ஏற்ற இடங்கள்.

முற்றி விழுந்த காய்களைத் திரட்டி, மேல்தோல் நீக்கி, உள்ளிருக்கும் ஓட்டைப் பருப்பு சிதையாமல் மெல்ல உடைத்து ஊன்றினால் சில வாரங்களில் முளைக்கும். ஓட்டோடு ஊன்றினால் இரண்டு மாதம்கூடப் பிடிக்கும். நாற்றைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு கன்றுக்கு ஒரு வீடு என்று ஊராட்சிப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். பாலும் நெய்யும் வேண்டா. முதல் இரண்டு கோடைகளுக்கு, வாரத்தில் இருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற அந்த வீட்டார் ஒப்புக்கொண்டால் போதும்.