ரம்புத்தான் கன்று வாங்கும்போது



வீட்டோரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தால் ரம்புத்தான் வைக்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் தின்ற பழத்தின் கொட்டையை ஊன்றி, ஐந்தாறு ஆண்டு வளர்த்த பின்னும், பூ மட்டும் பூத்துக் காய் காணாத மரங்கள் உண்டு. அதற்குக் காரணம் கண்ணேறு அல்ல. மண்ணின் குற்றமும் அல்ல. கொட்டையில் முளைக்கும் ரம்புத்தானில் ஏறக்குறையப் பாதி ஆண் மரம். அதில் பழம் வராது. மற்றவை காய்த்தாலும், தாய் மரத்தின் சுவை அப்படியே அமையுமென்று உறுதியில்லை.

இதற்கான வழி பால் வெட்டும் நமக்குப் புதிதன்று. ரப்பரில் நல்ல மரத்தின் கண்ணைச் சீவி எடுத்து, நாற்றின் பட்டைக்குள் வைத்துக் கட்டுகிறார்களே, அதே முறைதான். ஆகவே நாற்றுப் பண்ணையில் ஒட்டுக்கன்றையே கேட்டு வாங்குங்கள். 'அனாக் செகோலா' எனும் ஆர் 191, மஞ்சள் பழம் தரும் 'மூவார் காடிங்' எனும் ஆர் 156 ஆகியவை பெயர் பெற்ற இனங்கள். அடித்தண்டில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசை நீட்டாதீர்கள்.

இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி வெட்டி, மக்கிய எருவை மண்ணோடு கலந்து நடுங்கள். மரத்துக்கு மரம் 25 அடியேனும் விடுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளிவிடுங்கள். அதை வளரவிட்டால் ஒட்டு நலிந்து, கொட்டை மரமே மிஞ்சும். நன்கு பேணினால் மூன்று, நான்கு ஆண்டில் பழம் காணலாம்.

உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு ஆறு ஆண்டு வீணாவது சிறு நட்டமன்று. சில வெள்ளி கூடினாலும் ஒட்டுக்கன்றே லாபம்.