ஊரில் உள்ள நிலமும் உரிய கணக்கும்

தில்லியிலும் மும்பையிலும் அலுவல் பார்க்கும் தமிழர் பலருக்குக் காவிரிப் பாசனத்தில் இரண்டு மூன்று ஏக்கர் நன்செய் இன்னும் இருக்கிறது. பாகம் பிரியாத நிலம். அண்ணன் ஊரில் தங்கிப் பயிரிடுகிறார். தம்பி கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய்க் கணக்குக் கேட்கிறார். அப்போது நாம் கேட்பது பெரும்பாலும் ஒரே வினாதான்: செலவு போக மிச்சம் எவ்வளவு? அவ்வினாவில் உள்ள ‘செலவு’ என்னும் சொல்லைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விழைகிறோம்.

அண்ணனின் கணக்கு நோட்டைப் புரட்டினால் விதைநெல், உழவு, நடவுக்கூலி, களையெடுப்பு, உரம், அறுவடை இயந்திரத்தின் வாடகை எல்லாம் இருக்கும். விடியற்காலையில் மடை திறக்கப் போனது இராது. உரக்கடையில் காத்து நின்றது இராது. கொள்முதல் நிலையத்தில் நெற்குவியலுக்குக் காவலாக இரவில் படுத்துக் கிடந்ததும் இராது. நடவாட்களுக்கு அண்ணி ஆக்கிக் கொண்டுபோன சோற்றில் அரிசி விலை எழுதப்பட்டிருக்கும். அடுப்படியில் அவர் நின்ற பொழுது எழுதப்பட்டிராது. காசு கைமாறாதது செலவன்று என்பது வீட்டு வழக்கம்.

அரசாங்கத்தின் வழக்கம் அதுவன்று. 1965-இல் தோன்றிய வேளாண் விலைக் குழு, 1985 முதல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. அதன் கணக்கில், கையிலிருந்து போன செலவோடு ஊதியம் பெறாத குடும்ப உழைப்பின் மதிப்பும் சேர்கிறது. இத்தகைய அறிக்கைகளைத் தமிழாக்குவதே தொழிலாக உள்ள நமக்கு அத்தொடரைக் கடக்கும்போதெல்லாம் ஊர் நினைவு வருவதுண்டு. 2024-25 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு இவ்வகைச் செலவு குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் என்று கண்டு, அதன் ஒன்றரை மடங்காக 2,300 ரூபாயைக் குறைந்தபட்ச ஆதரவு விலையாக வைத்தார்கள். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்துக்கொள்ளும் இன்னொரு கணக்கும் உண்டு. எதன்மேல் ஒன்றரை மடங்கு தருவது என்பதே உழவர் அமைப்புகளின் நெடுநாள் வழக்கு.

அதே விலையை வைத்து ஒரு பேச்சுக்குக் கணக்கிடுவோம். மூன்று ஏக்கரில் 60 குவிண்டால் கண்டது. வரவு 1,38,000 ரூபாய். நோட்டில் உள்ள செலவு 84,000. மிச்சம் 54,000, ஆளுக்குப் பாதி 27,000. நியாயமான பங்கு போலவே தோன்றும். அண்ணன் உழைத்த 60 நாளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் 30,000 எழுதிப் பாருங்கள். பங்குக்கு நிற்பது 24,000 மட்டுமே. தம்பிக்கு உரியது 12,000. அண்ணனுக்குக் கூலியும் பங்குமாக 42,000. முன்பு தம்பி பெற்றதில் 15,000 ரூபாய் அண்ணனுடைய கூலி.

அண்ணன் இதைக் கேட்கமாட்டார். தம்பியிடம் கூலி கேட்பதா என்னும் கூச்சம் அவருக்கு. ஆனால் அவர் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து ஆண்டு இப்படிக் கழிந்தபின், “இதில் என்ன வருகிறது, விற்றுவிடலாம்” என்ற பேச்சு பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் எழுகிறது. ஆகவே நாற்றங்கால் விடுமுன்னரே நாட்கூலி இவ்வளவு என்று பேசி முடிப்பது நன்று. பேச்சைத் தொடங்க வேண்டியவர் வெளியூரில் இருப்பவர்தான். மகசூல் பொய்த்த ஆண்டிலும் அக்கூலி உண்டா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். மழையில் கதிர் சாய்ந்தபின் பேசுவது கடினம்.

வட்டியும் செலவே. நகையை அடகு வைத்து நடவு நட்டிருந்தால் அவ்வட்டி நோட்டில் ஏறவேண்டும். உழவர் கடன் அட்டையின் பேரில் 3 இலட்சம் ரூபாய் வரை பயிர்க்கடன் 7 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமே நிற்கும். நெல்லுக்கான பணம் வந்து சேரத் தாமதமாகி, தவணை நாள் கடந்து இச்சலுகையை இழக்கும் குடும்பங்கள் உண்டு. மாதச் சம்பளக்காரர் அந்நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, முன்பணமாகத் தொகையை அனுப்பிவிட்டுப் பின்னர்க் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.