பாற்பல்தானே என்று விட்டுவிடலாமா?

(சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் பல் டொக்டர் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு, இங்கே சுவிசில் ஒரு தொழிற்சாலையில் சிப்ற் வேலை செய்கிற ஆள். "பல்லைப் பற்றி நீர் என்ன பேசப் போறீர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாலு வயது மகளின் பல்லோடு இரண்டு வருசமாக மாரடிக்கிறவன் என்ற தகுதி போதும் என்றேன்.

மகளுக்கு முதல் பல் முளைத்தபோது எல்லோரையும் போல நாங்களும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடினோம். கடைவாய்ப் பற்கள் வந்தபோதுதான் கவலையும் கூட வந்தது. கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கும்போதே மஞ்சளும் மண்ணிறமுமாக இருந்தது. குளிர்ந்த தண்ணி பட்டாலும் அழுவாள், பிறஸ் பட்டாலும் அழுவாள். கொஞ்ச நாளில் பல்லின் ஓரம் உடைந்து உதிர்ந்தது.

ரெலிபோனில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "வயித்தில பிள்ளை இருக்கேக்க தாய் பால் குடிக்கேல்லை", "இனிப்புக் குடுத்துப் பழக்கிப்போட்டினம்" என்றெல்லாம் கேட்டு என் மனைவி நொந்து போனா. பிள்ளை வாய் திறந்து சிரிக்கிற படத்தை ஊருக்கு அனுப்பவே அவவுக்கு மனம் வரவில்லை.

பல் டொக்டர்தான் விசயத்தை விளங்கப்படுத்தினார். அந்தப் பல்லின் மேல்பூச்சான எனாமல் சரியாக இறுகாமலே உருவாகியிருக்கிறது. இதற்கு டொச்சில் 'கிறைடசேன', அதாவது சோக்குப் பல் என்று பெயர். அந்தக் கடைவாய்ப் பல்லின் எனாமல் தாயின் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, முதலாவது பிறந்தநாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு வயதில் தின்ற ரொபி அந்தக் குறையை உண்டாக்கியிருக்க முடியாது. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் மருத்துவம் இன்னும் சுட்டிக்காட்டவில்லை. தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பழக்கத்தை நாங்கள் விட வேண்டும்.

ஆனால் ஒன்று. எங்கள் தொழிற்சாலையில் பூச்சு மெல்லியதாக வந்த இரும்பு கெதியாகத் துருப்பிடிக்கும். பல்லும் அப்படித்தான். குறை நாங்கள் செய்ததல்ல என்றாலும் காவல் எங்கள் பொறுப்பு.

"பாற்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று சொல்லுவினம். முன்பல் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. நாலு வயதில் அது பழுதானால் இன்னும் ஆறேழு வருசம் பிள்ளை எதால் சப்பும்? வேரில் சீழ் வைத்தால் கீழே வளர்கிற நிரந்தரப் பல்லையும் அது தாக்கலாம். நேரத்தோடு பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தை அடைக்கும். பிறகு கம்பி கட்ட ஆயிரக்கணக்கில் பிராங்க் வேண்டும்.

இந்த நாட்டில் சொத்தைப் பல்லுக்கு கட்டாய மருத்துவக் காப்புறுதி பணம் தராது என்பது உங்களுக்குத் தெரியும். மகளின் அந்த ஒரு பல்லுக்கு உருக்குத் தொப்பி போட என் மூன்று நாள் சம்பளம் போனது. பள்ளிக்கூடத்துப் பல் பரிசோதனை பெரும்பாலும் கிண்டர்கார்டனில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருசங்களில் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுவது எங்கள் வேலை. இரண்டு வயதிலேயே ஒருமுறை காட்டுங்கள். வைத்தியத்துக்கு முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். சமூக உதவியில் இருப்பவர்கள் அந்தக் கடிதத்தை முதலில் அலுவலகத்துக்குக் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும். காசுக்குப் பயந்து தள்ளிப்போட்டால் சின்ன ஓட்டை பெரிய பில்லாகும்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. முதல் பல்லிலிருந்தே புளோரைட் உள்ள பற்பசை வேண்டும். இரண்டு வயது வரை ஓர் அரிசியளவு, அதன் பிறகு ஒரு பட்டாணியளவு போதும். இராத்திரி தீட்டிய பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் வேண்டாம். பால் போத்தலோடு நித்திரையாக்குவதும், போத்தலில் சீனி போட்ட தேத்தண்ணி கொடுப்பதும் பல்லுக்கு நஞ்சு. 1955ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் புளோரைட் சேர்த்த உப்பு விற்கிறார்கள். எங்கள் கடைகளில் வாங்குகிற உப்புப் பக்கற்றில் அது இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். இனிப்பு வாங்கினால், குடைக்குக் கீழே ஒரு பல் நிற்கிற படம் போட்ட பக்கற்றைத் தேடுங்கள். பல்லைப் பாதிக்காது என்று சோதித்த பிறகுதான் அந்தப் படம் போட விடுவார்கள்.

சீனி பட்டால் வாய்க்குள் உண்டாகிற அமிலம் அரை மணித்தியாலமளவில் நின்று பல்லை அரிக்கும். பத்துத் தரம் ஒவ்வொரு ரொபி தின்றால் பத்துத் தரம் அரிக்கும். அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளைக் காண்கிற மாமாமார், மாமிமார் அன்பாக ஆளுக்கொரு சொக்லேற் வாயில் வைக்கிறீர்கள். பயற்றம் பணியாரமும் அரியதரமும் சாப்பாட்டோடு ஒரே தரத்தில் சாப்பிடட்டும், தடையில்லை. மற்ற நேரத்தில் ஒரு அப்பிள் துண்டு கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு என்ன பல் என்று உங்களுக்குத் தெரியாது.

மொழி தெரியாததால் பல் டொக்டரிடம் போகத் தயங்குகிறவர்கள் சொல்லுங்கள். நான் இரவு வேலை செய்கிற கிழமைகளில் பின்னேரம் கூட வரத் தயார்.

பிறக்கிற சித்திரைப் புத்தாண்டில் எங்கள் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கட்டும்.