இசையை முழுமையாகக் கேட்டல்

செவியின் வழியாக வருவதையும் செல்வமாக மதித்த மரபு நம்முடையது. கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், அதனோடு அமையாது கேள்விக்கென்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே பேசப்படுவது அறிவுடையோர் சொல்லைக் கேட்டல். ஆயினும் நல்லிசையைக் கேட்பதற்கும் அதே பொறுமை வேண்டும் என்பது என் எண்ணம். உலகத்து இசையிற் பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே கேட்கும் வாய்ப்பு இன்று நமக்குக் கிட்டியிருக்கின்றது. அவ்வாய்ப்பைக் கொண்டு நாம் துண்டு துண்டாகக் கேட்கின்றோமா, முழுமையாகக் கேட்கின்றோமா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இசைத்தொகுப்பை அல்பம் என்று வழங்குகின்றோம். அச்சொல் வந்த வழி சுவையானது. நிமிடத்துக்கு 78 தடவை சுழன்ற பழைய கிராமபோன் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசையே அடங்கும். நீண்டதோர் இசைப்படைப்பைப் பதிவதற்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. புகைப்படங்களைச் சேர்த்து வைக்கும் ஏட்டைப் போன்றதொரு கட்டில் அத்தட்டுகளை அடுக்கி விற்றார்கள். ஏட்டின் பெயர் இசைக்கு ஆகிவந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று.

இதனால் விளைந்த நன்மை நேரம் மட்டுமன்று, வரிசையும் ஆகும். நமது கச்சேரியை எண்ணிப் பாருங்கள். வர்ணத்தில் தொடங்கி, சிறிய கீர்த்தனைகளாற் சபையைத் தயார்செய்து, நடுவிலே ஓர் இராகத்தை விரித்து, தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விட்டு, துக்கடாக்களால் மனத்தை இலேசாக்கி, மங்களத்தில் முடிப்பார்கள். மங்களத்தை முதலிற் பாடுவார் எவருமில்லை. நல்ல இசைத்தொகுப்பு ஒன்றும் அத்தகையதே. எது முன்னே வருவது, எது பின்னே வருவது, எங்கே ஓய்வது என்பதையெல்லாம் சிந்தித்து அமைத்திருக்கின்றார்கள். அந்த வரிசையும் கலைஞரின் படைப்பிலே ஒரு பகுதியன்றோ?

பின்னர் வந்த கருவிகள் இந்த முழுமையைச் சிறிது சிறிதாகக் கலைத்தன. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பாட்டைத் தாண்டிச் செல்ல முடிந்தது. கணினியில் எம்.பி.3 கோப்புகள் பரவிய காலத்தில் பாட்டு தன் தொகுப்பை விட்டுத் தனியே அலையத் தொடங்கிற்று. பாடியவர் பெயரும் வாசித்தவர் பெயரும் வழியிலேயே உதிர்ந்து போயின.

இப்பொழுது நம்மிடம் இருப்பது ஸ்ட்ரீமிங் எனப்படும் முறை. வேறோரிடத்துக் கணினியிலிருந்து இணையத்தின் வழியே இசை நம் வீட்டுக்கு ஓடி வருகின்றது. சுவீடன் நாட்டில் 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்பொட்டிபை, 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக்கும் அறிவிக்கப்பட்டது. அப்பிள் மியூசிக், டைடல், கோபஸ் முதலிய சேவைகளும் உலகில் உண்டு. மூன்று நிமிடத் தட்டில் தொடங்கிய அல்பம் இன்று முழு உருவில், இடையறாது நம் அறைக்குள் வந்து சேர்கின்றது. முழுமையைக் கலைத்த அதே தொழில்நுட்பமே அம்முழுமையை மீண்டும் நமக்குத் தருகின்றது. ஏற்றுக்கொள்வதும் விடுவதும் நம் கையில் உள்ளன.

இனி, ஒலியின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இறுவட்டிலே ஒலி அலை ஒரு வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது. இடம், வலம் ஆகிய இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து, வினாடிக்கு ஏறத்தாழ 14 இலட்சம் பிட்டுகள் என்பது அதன் கணக்கு. ஆரம்பகால எம்.பி.3 கோப்புகளிற் பல, வினாடிக்கு 1,28,000 பிட்டுகளுடன் அமைந்தன. அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. ஓர் உரத்த ஒலியின் நிழலில் மறையும் மெல்லொலியைக் காது கவனியாது என்ற துணிவில், அம்மெல்லொலியைக் கழித்துவிடுவதே அம்முறையின் தந்திரம். கழித்தது கழித்ததுதான், மீண்டும் வராது. இழப்பற்ற முறை என்பது வேறு. பாயைச் சுருட்டி வைத்தால் இடம் மிச்சமாகும். விரித்தாற் பழைய பாய் அப்படியே இருக்கும். பாயை நறுக்கி வைத்தாலும் இடம் மிச்சமாகும். ஆனால் விரிக்கும்போது பாய் இராது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த பிளாக் என்னும் கோப்பு முறை, சுருட்டி வைக்கும் முறையைச் சேர்ந்தது. டைடல் 2014இலும், அப்பிள் மியூசிக் 2021இலும் இழப்பற்ற ஒலியை வழங்கத் தொடங்கின. ஸ்பொட்டிபையும் 2025 செப்ரெம்பரில் அவ்வழிக்கு வந்தது.

இவ்விடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லுதல் வேண்டும். மிகத் தாழ்ந்த தரத்துக்கும் உயர்ந்த தரத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தச் செவியும் உணரும். தம்புராவின் கார்வை மங்கும். தாளக்கருவியின் ஓசை ஓய்ந்து செல்லும் வால் அறுந்துபோகும். ஆனால் 3,20,000 பிட்டுகளைக் கொண்ட நல்ல கோப்புக்கும் இழப்பற்ற கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிவது பெரும்பாலார்க்கு எளிதன்று. வயது ஏற ஏற உச்ச ஒலிகளைக் காது இழந்து வருவதும் இயற்கை. ஆதலால், எண்களைத் துரத்திப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. செலவின்றிச் செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலாவது, செயலியின் அமைப்புகளுக்குட் சென்று ஒலித்தரம் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கின்றது என்று பாருங்கள். தானியங்கி என்று விட்டிருந்தால், இணைப்புத் தளரும்போது தரமும் தளரும். இறுவட்டுத் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்பதற்கு 300 முதல் 400 மெகாபைட் வரை செலவாகலாம். ஆகையால் வீட்டிணைப்பில் முன்கூட்டியே தரவிறக்கி வைப்பது சிக்கனம். இரண்டாவது, புளூடூத் வழியாகக் கேட்கும்போது ஒலி பெரும்பாலும் மறுபடியும் சுருக்கப்படுகின்றது. கம்பியால் இணைத்த சாதாரண ஹெட்போன் ஒன்றே அதனினும் நன்றாக உதவக்கூடும். மூன்றாவது, ஸ்பீக்கர் இரண்டு உண்டாயின் அவற்றுக்கு நடுவே, அவற்றை நோக்கி அமருங்கள். வெறுமையான சுவர் ஒலியை எறியும். திரைச்சீலையும் புத்தக அலுமாரியும் அதனை அடக்கும். நான்காவது, பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை நிறுத்திவிடுங்கள். 2021ஆம் ஆண்டு நவெம்பரில், ஆங்கிலப் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அல்பத்தின் பக்கத்தில் முதன்மையாய் நின்ற அந்தக் கலைக்கும் பொத்தானை ஸ்பொட்டிபை அகற்றி, வரிசைப்படி ஒலிக்கும் பொத்தானை அவ்விடத்தில் வைத்தது. தான் அடுக்கிய வரிசைக்காக ஒரு கலைஞர் வழக்காடினார், வெற்றியும் பெற்றார்.

சரி, எதைக் கேட்பது? இயந்திரம் பரிந்துரைப்பதையே கேட்டுக்கொண்டிருந்தால், நேற்று விரும்பியதைப் போன்ற ஒன்றையே அது இன்றும் நம்முன் வைக்கும். ஒரு தொகுப்பிலிருந்து மறு தொகுப்புக்கு நாமே வழி கண்டு செல்வதில் உள்ள இன்பம் வேறு. அத்தகைய ஒரு வழியைச் சொல்கின்றேன்.

1986ஆம் ஆண்டில் இளையராஜா, திரைப்படத்துக்காகவன்றித் தனித்த இசையாக, ‘ஹௌ டு நேம் இட்’ என்ற தொகுப்பை வெளியிட்டார். அதனைத் தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதிலே முன்னிற்கின்றது. பாக்கைத் தம் வீட்டிற் சந்தித்ததாகத் தலைப்பிட்ட ஒரு பகுதியில், பாக்கின் மூன்றாம் வயலின் பார்த்தீற்றாவின் முகப்பிசை வந்து கலக்கின்றது. அங்கிருந்து மூலத்துக்குச் செல்லலாம். 1720ஆம் ஆண்டின் கையெழுத்துப் பிரதியில் உள்ள அந்தத் தனிவயலின் படைப்புகள் ஆறினையும், 1930களின் நடுப்பகுதியில், இருபது வயதை அண்டிய இளைஞராக இருந்த யெஹூதி மெனுஹின் முழுமையாகப் பதிந்தார். அக்காலத்துத் தட்டிலே ஒரு நீண்ட பகுதியைக் கேட்பதற்கு இடையிடையே எழுந்து தட்டைப் புரட்ட வேண்டியிருந்தது. இன்று அது ஒரே மூச்சிற் செல்கின்றது.

மெனுஹினைத் தொடர்ந்து சென்றால் அவரே நம்மைக் கிழக்கே திருப்பி விடுகின்றார். அவருடைய முயற்சியால் 1955ஆம் ஆண்டில் நியூயோர்க் சென்ற சரோட் மேதை அலி அக்பர் கான், அங்கே ஒரு நெடுநேர இசைத்தட்டைப் பதிந்தார். தபேலா வாசித்தவர் சதுர்லால். தொடக்கத்தில் மெனுஹின் தம் குரலிலேயே அறிமுகம் சொல்கின்றார். பழைய தட்டிலே மூன்று நிமிடத்துக்குட் குறுகி நின்ற இராகம், இதிலே ஒரு பக்கம் முழுவதும் கால் நீட்டி அமர்ந்தது. இரண்டு பக்கத்துக்கு இரண்டு இராகம்: ஒன்று பீலு, மற்றையது சிந்துபைரவி. சிந்துபைரவி என்றதும் தமிழர் செவி விழித்துக்கொள்ளும் அன்றோ? அப்பெயரிலேயே 1985இல் வந்த பாலசந்தரின் படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்றவர், நாம் புறப்பட்ட அதே இளையராஜா. இந்தச் சுற்றை எந்தச் செயலியும் நமக்கு வரைந்து தராது. ஒரு பெயரைக் கவனித்து, அப்பெயரைத் தேடி, கிடைத்ததை இறுதிவரை கேட்டவர்க்கே அது புலப்படும்.

நான் ஒரு பாடசாலையின் அதிபர். நம் பிள்ளைகளுக்கு நூறு பாட்டின் முதலடி தெரியும். அவற்றுள் ஒன்றிலாவது வயலின் வாசித்தவர் யார் என்று கேட்டால் மௌனமாகின்றார்கள். குற்றம் அவர்களுடையதன்று. ஸ்பொட்டிபையின் கணக்கில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால் அது கேட்கப்பட்டதாகின்றது. வணிகத்துக்கு அக்கணக்குப் போதும். ஒரு நூலின் முகவுரையிற் பத்து வரியைப் படித்த மாணவனை நூலைப் படித்தவன் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? நாற்பது நிமிடம் ஒன்றிலே மனத்தை நிறுத்தப் பழகியவன் பாடத்திலும் நிற்பான். பிறர் துன்பத்தைக் கேட்கும்போதும் நிற்பான். இழக்கப்படுவது இசையின் சில துளிகள் மட்டுமென்றால் நான் இவ்வளவு கவலைப்படேன்.

இன்னொன்றும் சொல்லுதல் வேண்டும். இந்தக் களஞ்சியத்தில் எல்லாம் இருக்கின்றன என்று மயங்கலாகாது. சந்தாவை நிறுத்தினால் வரவும் நின்றுவிடும். உரிமம் மாறினால் நேற்று இருந்த தொகுப்பு இன்று இல்லாமற் போகும். இங்கே ஒருபோதும் வந்து சேராதவையும் உண்டு. 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தி நம் கோயில் வீதிகளில் விடிய விடிய வாசித்தவற்றுள், ஒலிப்பதிவாக எஞ்சியது ஒரு சிறு பகுதியே. உங்கள் வீட்டு அலுமாரியிற் பழைய ஒலிநாடாவோ தட்டோ கிடந்தால், அதனை எறிந்துவிடாதீர்கள். அதில் இருப்பது உலகில் வேறெங்கும் இல்லாததாக இருக்கவுங் கூடும்.

முடிவாக ஒரு சிறு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஒரு தொகுப்பைத் தெரிந்தெடுங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். தொலைபேசியின் அழைப்பொலியை நிறுத்தி, முதற் பகுதியிலிருந்து இறுதிப் பகுதிவரை தாண்டாமற் கேளுங்கள். பிடிக்காத பகுதி வந்தாலும் பொறுத்துக் கேளுங்கள். அடுத்து வருவதன் அழகு அதனாலேயே விளங்கக்கூடும். பிறகு ஓர் அப்பியாசக் கொப்பியிலே திகதி, தொகுப்பின் பெயர், பாடியவர், வாசித்தவர், பதிந்த ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆண்டு முடிவில் ஐம்பது தொகுப்புகளின் பெயர்கள் அதில் இருக்கும். ஐயாயிரம் பாட்டைத் தொட்டுவிட்டு ஓடியவனிலும், அந்த ஐம்பதைக் கேட்டவன் செல்வன் என்பேன்.