நீர்க்குகையில் தனிவழியும் துணைவழியும்

கடலில் முக்குளிப்பவனுக்கு இடர் நேர்ந்தால் அவன் தலைக்கு மேலே வானம் இருக்கிறது. ஆழத்திலிருந்து விரைந்து ஏறுவது தீங்குதான்; ஆயினும் எப்பாடு பட்டேனும் நீர்மட்டத்தை அடைந்தால் மூச்சு விடலாம். நீர் நிரம்பிய குகைக்குள் புகுந்தவனுக்கோ தலைக்கு மேலே இருப்பது பாறை. வந்த வழியே திரும்பினாலன்றி அவனுக்கு வானம் இல்லை. அதுவரையில் அவன் சுமந்து சென்ற காற்றுதான் அவனுக்கு உயிர்.

இத்தகைய இடத்துக்கு ஒருவன் தனியே போவது நன்றா, துணையோடு போவது நன்றா? 'துணையோடுதான், இதில் ஐயம் என்ன?' என்று கேட்ட மாத்திரத்தில் விடையிறுப்பீர்கள். ஆனால் இத்துறையில் கைதேர்ந்தவர்களே இவ்வினாவில் இரு கட்சியாய் நின்று வாதிட்டிருக்கிறார்கள். இரு கட்சியாரும் உயிரைப் பணயம் வைத்தே பேசினார்கள் என்பதால், அவர்கள் சொல்வதை நாம் பொறுமையாகக் கேட்பது முறை.

முதலில் ஒரு கணக்கு. மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவனிடம் 210 பங்கு காற்று இருப்பதாகக் கொள்வோம். அதில் 70 பங்கு செலவானவுடன் அவன் திரும்பிவிட வேண்டும். திரும்பி வர 70 பங்கு. எஞ்சிய 70 பங்கு ஆபத்துக்கு. இதனை மூன்றிலொரு பங்கு விதி என்பர். இருவர் சேர்ந்து போகிறார்கள். மிகத் தொலைவான இடத்தில் ஒருவனுடைய காற்று முழுவதும் வீணாகிவிடுகிறது. மற்றவனிடம் 140 பங்கு இருக்கிறது. ஆளுக்கு 70 வேண்டும். இருவரும் வெளியே வந்துவிடலாம்.

இனித் தனியே போகிறவனைப் பார்ப்போம். அவன் தன் 210 பங்கையும் ஒன்றோடொன்று இணைக்காத இரண்டு சிலிண்டர்களில், 105 பங்கு வீதம் நிரப்பிக்கொள்கிறான். ஒன்றிலிருந்து 35, மற்றொன்றிலிருந்து 35 என மாற்றி மாற்றி மூச்சிழுத்து உள்ளே போகிறான். கடைசி இடத்தில் ஒரு சிலிண்டர் பழுதாகிறது. மற்றதில் 70 பங்கு இருக்கிறது. திரும்பி வர வேண்டியதும் 70 தான்! ஆகவே தனியே போகிறவனும் ஒரு துணையை உடன் கொண்டுதான் போகிறான்; அத்துணை அவன் விலாப்புறத்தில் தொங்குகிறது. இரு கட்சிக்கும் உள்ள வேற்றுமை, இரண்டாவது மூச்சை எங்கே வைப்பது என்பதே.

இக்கணக்கில் ஒரு குறை உண்டு. அஞ்சியவன் அளவாக மூச்சு விடமாட்டான். நீரோட்டம் குகையின் உட்புறமாக இழுக்குமானால், திரும்பும் வழி போன வழியைவிடக் கடினமாகும். அங்கெல்லாம் மூன்றிலொரு பங்குகூடச் செலவழிக்கலாகாது.

சரி, எவர் எதைத் தேர்ந்தார்கள்? அதனை ஆளின் விருப்பத்தைக் காட்டிலும் அந்தந்த நாட்டுக் குகையே தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியிலுள்ள வூக்கி ஹோல் குகையில் கிரஹாம் பால்கோம், ஜாக் ஷெப்பர்டு ஆகியோரும் அவர்தம் தோழர்களும், பெரிய தலைக்கவசமும் கனத்த உடையும் அணிந்து நீரினுள் இறங்கினர். பால்கோம் 1946இல் குகை முக்குளிப்போர்க்கென ஒரு சங்கமும் நிறுவினார். அந்நாட்டுக் குகைகளில் முதலில் வறண்ட வழியில் தவழ்ந்து செல்ல வேண்டும்; இடையிடையே கூரை நீரில் அமிழ்ந்துவிடும்; அவ்விடத்தில் மூழ்கி அப்பால் எழ வேண்டும். வழியோ ஓராள் நுழையவே நெருக்கம். ஒருமுறை கால் அசைத்தால் வண்டல் கிளம்பித் தன் கையே தனக்குத் தெரியாது. அங்கே பின்னால் வருகிற துணைவன் என்ன செய்வான்? முன்னவன் சிக்கிக்கொண்டால் அவனைத் திருப்பிவிட இடமில்லை. பின்னவன் சிக்கினாலோ முன்னவனுக்கு வழியே அடைபட்டுவிடும். ஆகவே அவர்கள் ஒவ்வொருவராக மூழ்கினார்கள். முதுகுச் சுமையை விடுத்துச் சிலிண்டர்களை இடுப்பின் இருபுறத்திலும் கட்டிக்கொண்டார்கள். தனியே என்றால் ஆளரவமே இல்லாமல் என்று பொருளன்று. சுமை தூக்கி வந்த நண்பர்கள் நீரின் விளிம்பில் குளிரில் நடுங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை!

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு வருவோம். அங்கே வகுல்லா போன்ற பெரும் ஊற்றுகளின் அடியில் சுண்ணாம்புப் பாறையில் அகன்ற குகைகள் நீண்டு செல்கின்றன. நீர் தெளிந்திருக்கும் நாளில் தோழனின் விளக்கொளி தொலைவிலும் தெரியும். அங்கு வளர்ந்தது கூட்டு முறை. அதில் ஒவ்வொருவரும் ஒரே வகைக் கருவியை ஒரே விதமாக அணிகிறார்கள். இருளிலும் தோழனுடைய வால்வு எங்கே இருக்கிறது என்று கை தானே அறியும். ஒருவனுடைய மூச்சுக் குழாய் ஏறக்குறைய 7 அடி நீளம் இருக்கும். காற்றிழந்தவனுக்கு, தன் வாயிலுள்ளதையே எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் கழுத்தின் கீழே தொங்கும் மற்றொன்றைக் கவ்விக்கொள்வான். வாயிலுள்ளதை ஏன் கொடுக்க வேண்டும்? அது பழுதின்றி வேலை செய்கிறது என்பதற்கு அவன் உயிரோடிருப்பதே சான்று. குழாய் ஏன் அத்தனை நீளம்? குறுகலான இடத்தில் இருவரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறுவதற்கு. விளக்கொளி மெல்ல வட்டமிட்டால் நலம் என்று பொருள். பக்கவாட்டில் படபடவென்று ஆடினால் ஆபத்து. இவ்வளவு சிறிய பொருள்களில் இத்தனை யோசனை அடங்கியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

புளோரிடாவில் வாழ்ந்த ஷெக் எக்ஸ்லி ஒரு கணித ஆசிரியர். குகைகளில் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் எழுதினார். வெளிவாயில் வரை அறுபடாத கயிறு, மூன்றிலொரு பங்கு விதி, ஆழத்துக்கு ஓர் எல்லை ஆகியவற்றை மீறினோரே பெரும்பாலும் மாண்டனர் என்று அவர் காட்டினார். எத்தனை உயிர்களை அந்நூல் காத்ததோ! அத்தகையவரே 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் மெக்சிகோவிலுள்ள சக்கத்தோன் என்னும் செங்குத்தான நீர்ப்பள்ளத்தில் 260 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உயிர் நீத்தார். அன்று ஜிம் பவுடன் என்பவரும் இறங்கினார். ஆனால் வேறொரு கயிற்றில். பவுடன் மீண்டார்.

சிலிண்டர் காற்றைத் தரும். 'நண்பா, உன் கயிறு காலில் சுற்றியிருக்கிறது, உன் எண்ணம் தடுமாறுகிறது' என்று சொல்லாது. ஆகவே இடம் உள்ள குகையில் துணையே சிறந்தது என்பது என் கருத்து. அதே வேளையில், 'அவன் பார்த்துக்கொள்வான்' என்று ஒவ்வொருவனும் மற்றவனை நம்பி, எவனும் அழுத்தமானியைப் பாராமல் விடும் கூட்டம், தனியாளைவிடக் கேடானது.

2018ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவரும் அவர்தம் பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டனர். ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த ரிக் ஸ்டான்டன், ஜான் வோலந்தன் ஆகிய இருவர். நெருக்கமும் கலங்கலும் மிக்க குகைகளில் தன்னந்தனியே மூழ்கிப் பழகியவர்கள். ஜூலை 6 அன்று காற்றுச் சிலிண்டர்களைக் கொண்டு வைத்துத் திரும்பிய தாய்லாந்து வீரர் சமன் குனான் உயிரிழந்தார். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் அனைவரும் மீட்கப்பட்டனர். எப்படி? சிறுவருக்கு மயக்க மருந்து கொடுத்து, முகம் முழுதும் மூடும் மூச்சுக் கவசம் அணிவித்து, ஒவ்வொருவரையும் ஒரு முக்குளிப்பவர் கொண்டுவந்தார். இடையிடையே இருந்த கூடங்களில் வேறு முக்குளிப்பவர்கள் காத்திருந்து உதவினார்கள். நீருக்கடியில் மட்டும் அந்த ஒருவருக்கு உதவ எவரும் இல்லை. சேற்று நீரில் ஒன்றும் தெரியாத நிலையில், ஒரு கையில் கயிறு, மறு கையில் தன்னுணர்வற்ற ஒரு பிள்ளை.