எலியின் காலடித் தடம்

கையிலோ காலிலோ நரம்பு அறுந்துபோனால் மறுபடி வளருமா? மருத்துவர் தைத்து இணைத்தால் வளரும். ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். முழங்கைக்கு மேலே காயம் என்றால், விரல் நுனிக்கு உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் தசை மெலிந்துவிடுகிறது.

இந்த வேகத்தைக் கூட்ட மருந்து உண்டா? எலிகளிடம்தான் முதலில் சோதிக்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, தொடையில் ஓடும் சயாட்டிக் நரம்பை இடுக்கியால் நசுக்குகிறார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து. இன்னொன்றுக்கு மருந்தில்லாத திரவம். பிறகு பின்னங்கால்களில் மை தடவி, வெள்ளைத்தாள் விரித்த குறுகிய பாதையில் நடக்க விடுகிறார்கள். நரம்பு செயலிழந்த காலின் விரல்கள் விரியாது; தடம் நீண்டு ஒடுங்கியிருக்கும். நரம்பு தேறத் தேற விரல்கள் விரிந்து பதியும். இந்தத் தடத்தை அளந்து கணக்கிடும் முறை 1982-ல் வந்தது.

எலிகளிடம் சோதித்த மருந்துகளில் ஒன்று டாக்ரோலிமஸ். அது 1984-ல் ஜப்பானின் சுக்குபா மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காப்பது அதன் வேலை. 1995-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்த மருந்து பெற்ற எலிகளின் நரம்பிழைகள் வேகமாக வளர்வதைக் காட்டினார்கள். ஆனால் இது நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். அதனால் நரம்புக் காயத்துக்கு வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

ஆகவே நேயர்களே, வெட்டுக்காயத்துக்குப் பின் விரல் மரத்துப்போனால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நரம்பு வளரும் மாதங்களில் பயிற்சியைக் கைவிடாதீர்கள். அந்த எலிகள் வலி தாங்கிக் கற்றுத்தந்த பாடத்தை நாம் வீணாக்கக் கூடாது.