யாம் கண்ட குடியரசுத் தலைவர் மாளிகை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற குளிர்காலத்தில் பாலக்காடு சந்திப்பில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறித் தில்லி சென்ற யாம், முன்பதிவு செய்துகொண்டு, ரெய்சினாக் குன்றின்மீது விளங்கும் குடியரசுத் தலைவர் மாளிகையைக் குடும்பத்துடன் கண்டு வந்தோம்.

1911ஆம் ஆண்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், தலைநகர் கல்கத்தாவினின்று தில்லிக்கு மாறும் என அறிவித்தார். அதன்பின் வைசிராய் வாழ்வதற்கென லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்ததே இம்மாளிகை. நான்கு தளங்கள், 340 அறைகள், 70 கோடி செங்கற்கள்! என்றென்றும் ஆள்வோம் என எண்ணினர் போலும். 1929இல் இர்வின் பிரபு குடிபுகுந்தார். 1947இல் ஆட்சியே அகன்றது. இடையே 18 ஆண்டுகள்தாம்! நம் காலனியில் ஒரே குவார்ட்டர்ஸில் அதனினும் நெடுங்காலம் வாழ்ந்தோர் உளர்.

1947 ஆகஸ்டு 15 அன்று நேருவின் அமைச்சரவை உறுதிமொழி ஏற்ற தர்பார் மண்டபத்தைக் கண்டோம். 2024 முதல் அது கணதந்திர மண்டபம் எனப்படுகிறது. வைசிராயின் அரியணை இருந்த அவ்வவையில் இன்று ஐந்தாம் நூற்றாண்டுப் புத்தர் சிலை விளங்குகிறது.

எனினும் எம் உள்ளத்தைக் கவர்ந்தவை பளிங்கும் விளக்கும் அல்ல. 1948இல் கவர்னர் ஜெனரலாக அங்குச் சென்ற நம் இராஜாஜி, வைசிராயின் பேரறைகளை வேண்டாமென விடுத்துச் சிறிய அறைகள் சிலவற்றில் தங்கினார். அப்பேரறைகள் விருந்தினர்க்கு உரியவாயின. உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில் மாளிகை நிலத்தில் தாமே ஏர் பிடித்து உழுது பயிரிடச் செய்தார். உழவூரில் கூரைக் குடிசையில் பிறந்து, நம் ஒற்றப்பாலம் தொகுதியினின்று மும்முறை மக்களவைக்குச் சென்ற கே. ஆர். நாராயணன், 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவராக அங்கு வாழ்ந்து, தவணை முடிந்ததும் வெளியேறினார்.

அன்பர்களே! பணி முடியும் நாளில் வீட்டையும் விட வேண்டுமே என்னும் ஏக்கம் நம்மிடையே உண்டு. மூணாறு, பீர்மேட்டுத் தோட்ட லயங்களில் வாழும் நம்மவர்க்கும் அதே கவலைதான். அத்துணைப் பெரிய வீடும் குவார்ட்டர்ஸே. அங்கும் எவரும் நிலையாய் இருப்பதில்லை என்று கண்டபோது எம் மனம் தெளிந்தது. இருக்கும்வரை வீட்டைச் செம்மையாய்ப் பேணுவோம். பணியில் இருக்கும்போதே சிறிதேனும் சேமித்து, நமக்கென ஓர் ஓட்டு வீடேனும் அமைப்போம். சாவியை ஒப்படைக்கும் நாளில் தலைநிமிர்ந்து வெளியேறுவோம்.

வாய்ப்புள்ளோர் குழந்தைகளுடன் சென்று அம்மாளிகையைக் கண்டு வருக.